பவளத்தின் பங்கு

இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பவருக்கு எந்த ஊரிலும் வேலை கிடைக்கும், சொந்த ஊரில் மட்டும் கிடைக்காது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டிப் போய், யாரோ பெற்ற பிள்ளைகளுக்கு ஏ, பி, சி, டி சொல்லிக் கொடுத்த என் இனத்தவர்களே, இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பண்டிகை நாள் வந்தால் நம் பாடு என்ன என்பதும் உங்களுக்குத் தெரியும்.

எனக்கு யாழ்ப்பாணம். கணவர் காய்ச்சலில் போனபோது என் மகள் பவளத்துக்கு ஒன்றரை வயது. நான் படித்த பள்ளிக்கூடத்தில் முன்பு தலைமை ஆசிரியையாக இருந்த வெள்ளைக்காரத் துரைசானி, இந்தியாவுக்குப் போய் கொல்லிமலையில் தேவனூர் நாடு என்ற பகுதியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் போட்டிருந்தார். இங்கிலீஷுக்கு ஆள் வேண்டும், உடனே வா என்று கடிதம் எழுதினார். மலையில் காய்ச்சல் அதிகம், குழந்தையைக் கூட்டி வராதே என்றும் எழுதினார். பிள்ளையில்லாத என் அக்காவின் மடியில் பவளத்தை விட்டுவிட்டு, "ஒரு வருஷம்தான் அக்கா" என்று சொல்லிக் கப்பல் ஏறினேன்.

முதல் சித்திரை விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். பவளம் மூன்று நாள் என்னைக் கண்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்தாள். நாலாம் நாள் மடியில் வந்து உட்கார்ந்தாள். ஐந்தாம் நாள் நான் புறப்பட வேண்டியிருந்தது. மறு வருஷம் துரைசானி படுத்த படுக்கையானார், பள்ளிக்கூடம் என் தலையில் விழுந்தது, விட்டு நகர முடியவில்லை. அதற்கடுத்த வருஷம் யுத்தம் கடலுக்கே வந்துவிட்டது. அந்த ஒரு வருஷம் ஏழு வருஷமாக நீண்டது இப்படித்தான். அந்த ஏழு வருஷமும் நான் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்கு: பவளம் என்னைப் பார்த்து அம்மா என்று கூப்பிட வேண்டும்.

ஆட்டுத் தழை

நான் மலைக்குப் போன கொஞ்ச நாளில் ஆடி பிறந்தது. எங்கள் ஊரில் ஆடி முதல் தேதி என்றால் பள்ளிக்கூடம் கிடையாது. பனங்கட்டியும் சின்னதாக நறுக்கிய தேங்காய்ச் சொட்டும் வறுத்த பயறும் போட்டுக் கூழ் காய்ச்சி, பலா இலையைக் கூம்பாக மடித்து, ஈர்க்கால் குத்தி, அதில் அள்ளிக் குடிப்போம். கொல்லிமலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பலாமரம். அத்தனை இலையைப் பார்த்துக்கொண்டு ஒருத்தி சும்மா இருக்க முடியுமா? சேந்தமங்கலம் சந்தைக்கு இறங்கியவர்களிடம் சொல்லிக் கருப்பட்டியும் தேங்காயும் வரவழைத்தேன். அரிசி மாவுக்குப் பதில் சாமை மாவு. ஈர்க்குக்குப் பதில் மூங்கில் சிம்பு. பதினான்கு பிள்ளைகளையும் வட்டமாக உட்கார வைத்து, இலை மடிக்கக் கற்றுக் கொடுத்தேன். எங்கள் வீட்டு மடிப்புக்கு ஒரு அடையாளம் உண்டு. நுனியை உள்பக்கமாக ஒருமுறை திருப்பிவிட்டால் ஒரு சொட்டு ஒழுகாது. என் அம்மா அக்காவுக்கும் எனக்கும் பழக்கியது அது.

கூழ் நன்றாகவே வந்தது. முதல் வாய் குடித்ததும், இந்நேரம் பவளமும் அக்கா கையால் குடித்துக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு வந்துவிட்டது. பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்கக் கூடாதென்று திரும்பிக்கொண்டேன். முன்வரிசையில் இருந்த ஏழு வயதுப் பொன்னிக்கு வேறு கவலை. தன் கையிலிருந்த இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏனுங்க டீச்சரம்மா, ஆட்டுக்குப் போடற தழையில நாம குடிச்சுட்டா, ஆடு பாவம் எதைத் திங்குமுங்க?"

வெள்ளாவி

துரைசானிக்குக் கிறிஸ்துமஸ் வந்தால் கால் தரையில் நிற்காது. அந்த வருஷம் பிள்ளைகளுக்குத் தன் ஊர்ப் பலகாரத்தைக் காட்டியே தீருவது என்று மாவு, காய்ந்த திராட்சை, பழத்தோல், வெல்லம் எல்லாம் பிசைந்து, வெள்ளைத் துணியில் உருண்டையாகக் கட்டி, பெரிய அண்டாவில் தண்ணீர் ஊற்றி வேகப் போட்டார். ஆறு மணி நேரம் வேக வேண்டுமாம். எங்கள் துணிமணிகளைத் துவைத்துக் கொடுக்கும் பாவாயி அந்தப் பக்கம் வந்தாள். அண்டா, கொதிக்கிற தண்ணீர், உள்ளே அழுக்கேறிய ஒரு துணி மூட்டை. பாவம், அவளுக்கு என்ன தெரியும்? துரைசானியம்மா வெள்ளாவி வைத்துவிட்டுச் சாம்பல் போட மறந்துவிட்டார் என்று நினைத்து, அடுப்புச் சாம்பலில் இரண்டு கை நிறைய அள்ளிப் போட்டு, கட்டையால் நன்றாகக் கலக்கியும் விட்டாள்.

மத்தியானம் பிள்ளைகளெல்லாம் வரிசையாக நின்றுகொண்டிருக்க, மூட்டை அவிழ்க்கப்பட்டது. துணி பளிச்சென்று வெளுத்திருந்தது. உள்ளே இருந்ததைப் பற்றி நான் சொல்லப் போவதில்லை. பாவாயி முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். துரைசானி ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டார், மெதுவாக மென்றார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருபது வருஷமாக அவர் தன் ஊருக்குப் போகவில்லை என்பது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. பிறகு தன் புத்தகத் தமிழில் பாவாயியிடம் சொன்னார்: "நீ அஞ்சாதே. என் தங்கை செய்வதும் இதே ருசியாகத்தான் இருக்கும். அவளுக்கும் சமைக்க வராது."

மூங்கில் வெடி

எங்கள் ஊரில் தைப்பொங்கலுக்குத்தான் வெடி கொளுத்துவோம். பானை பொங்கும் நேரம் தெருவெல்லாம் சடசடவென்று கேட்கும். வாய் சும்மா இராமல் இதை நான் வகுப்பில் சொல்லிவிட்டேன். மலையில் வெடிக்கு எங்கே போவது? பிள்ளைகள் தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பச்சை மூங்கிலை வெட்டி நெருப்பில் போட்டால் கணு வெடித்துத் துப்பாக்கிச் சத்தம் கேட்கும். பொங்கலன்று காலையில் பள்ளிக்கூட வாசலில் எனக்காகவே பத்து மூங்கிலை நெருப்பில் போட்டார்கள். சத்தத்தில் எனக்கு ஊரே வந்துவிட்டது போலிருந்தது, ஒரு நிமிஷம் கண்ணை மூடி நின்றேன். திறந்து பார்த்தால், குளிப்பாட்டி மாலை போட்டுக் கட்டியிருந்த ஊர் எருதுகள் அத்தனையும் கயிற்றை அறுத்துக்கொண்டு சாமைக் காட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தன. பொன்னியின் அப்பா பெரியண்ணன்தான் ஊரில் எல்லாக் காரியத்துக்கும் முன்னால் நிற்பவர். பொழுது சாயும்வரை மாடு பிடித்துவிட்டு, மூச்சு வாங்க வந்து என் முன்னால் நின்று மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "தப்பா நெனைக்காதீங்க டீச்சரம்மா, உங்க ஊர்ல யாருமே மாடு வளக்கறது இல்லீங்களா?"

லீவு நாள்

எங்கள் இங்கிலீஷ் ரீடர் லண்டனில் அச்சடித்தது. அதில் விடுமுறையைக் கழித்தது எப்படி என்று ஒரு பாடம். ஒரு பையன் ரயிலில் கடற்கரைக்குப் போவான், மணலில் வீடு கட்டுவான், ஐஸ் சாப்பிடுவான். என் வகுப்பில் கடலைப் பார்த்தவள் நான் ஒருத்திதான், அந்தக் கடலும் எனக்கும் என் பிள்ளைக்கும் நடுவில் படுத்திருந்தது. ஆகவே பாடத்தை மூடி வைத்துவிட்டு, அவரவர் விடுமுறையைப் பற்றிச் சொல்லுங்கள் என்றேன். மிளகு பறித்தோம், களை எடுத்தோம், காட்டுப் பன்றி வராமல் காவல் இருந்தோம் என்றார்கள். நான் என்ன செய்தேன் என்று ஒருவன் கேட்டான். சும்மா இருந்தேன் என்றேன். பள்ளிக்கூடத்தை ஒட்டிய வீட்டில் நான் சும்மா இருந்த லட்சணத்தை வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்திருந்த பொன்னி எழுந்து நின்றாள்: "எங்களுக்கு லீவுன்னா களை எடுக்கறதுங்க. உங்களுக்கு லீவுன்னா கடுதாசிய எடுத்து வெச்சுட்டு அழுவறதுங்களா?"

தலைக்கு ஒரு பங்கு

மலைக்காரர்களுக்குப் பண்டிகை என்றால் நோம்பி. மாரியம்மன் நோம்பிக்குக் கிடா வெட்டினால் கறியைத் தலைக்கு ஒரு பங்காகப் பிரித்து, தேக்கு இலையில் கட்டி, வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுப்பார்கள். யாராவது கீழே கூலிக்குப் போயிருந்தாலும், தேயிலைத் தோட்டத்துக்குப் போய்த் தகவலே இல்லாமல் இருந்தாலும், அவருடைய பங்கு நிற்காது. அந்த வீட்டில் வைத்துவிட்டு வருவார்கள். பங்கு வைக்காமல் விட்டால் அந்த ஆள் இனி வரமாட்டான் என்று ஊரே சொன்ன மாதிரி ஆகிவிடுமாம்.

பெரியண்ணன் என் வாசலில் வந்து நின்று, "ஊட்டுல எத்தன பேருங்க?" என்று கேட்டார். ஏதோ நினைப்பில் இரண்டு என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. நான் திருத்துவதற்குள் அவர் தலையாட்டிவிட்டு இரண்டு பொட்டலத்தை எடுத்தார். எனக்குக் கறி பழக்கமில்லை என்றேன். யோசித்துப் பார்த்து, அதற்கு ஈடாக இரண்டு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து வைத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு நோம்பிக்கும் எனக்கு ஒரு சீப்பு, பவளத்துக்கு ஒரு சீப்பு. என் சீப்பை நான் சாப்பிட்டேன். பவளத்தின் சீப்பைத் தொட எனக்கு மனம் வரவில்லை, கறுத்து அழுகவிடவும் மனம் வரவில்லை. பவளத்துக்குப் பதில் நீ சாப்பிடு என்று பொன்னியிடம் கொடுத்தேன். மறுநாள் அவள் வகுப்புக்கு வரவில்லை. மத்தியானம் போய்ப் பார்த்தால் பாயில் சுருண்டு கிடந்தாள். என்னைப் பார்த்ததும் முனகினாள்: "அவளுக்கும் சேத்தித்தானுங்க தின்னேன். இப்ப ரெண்டு பேருக்கும் சேத்தி எனக்கு ஒருத்திக்கே வயிறு வலிக்குதுங்க."

சிவப்பு மை

ஐந்தாம் வருஷம், மூன்று மாதம் எங்கெங்கோ சுற்றிவிட்டு ஒரு கடிதம் மலையேறி வந்தது. பவளம் தன் கையால் எழுதிய முதல் கடிதம். உறையின் மேலே கோழி கிளறின மாதிரி எழுத்தைப் பார்த்ததும் வகுப்பை அப்படியே நிறுத்திவிட்டேன். படித்துக் காட்டுங்கள் என்று பிள்ளைகள் ஒரே கூச்சல். அவர்களுக்கு அவள் அந்நியமில்லை. பொன்னிக்கு வயிறு வலித்ததிலிருந்து ஒவ்வொரு நோம்பிக்கும் அவள் பங்கை ஆளுக்கொன்றாகச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் அல்லவா! பிரித்தேன். முதல் வரியில், அன்புள்ள சின்னம்மாவுக்கு என்று இருந்தது.

அக்காவை அம்மா என்று கூப்பிட்டுப் பழகிய பிள்ளைக்கு அம்மாவின் தங்கை சின்னம்மாதானே! கணக்கில் பிழையே இல்லை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அன்புள்ள அம்மாவுக்கு" என்று உரக்கப் படித்தேன். மிச்சத்தையும் படித்தேன், பூனை குட்டி போட்டது, பல் விழுந்தது, எல்லாம். பிள்ளைகள் கைதட்டினார்கள். பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்த பொன்னி மட்டும் கைதட்டவில்லை. அவளுக்கு இப்போது பன்னிரண்டு வயது, தமிழ் நன்றாக வாசிப்பாள். மணி அடித்து எல்லோரும் போனபின் என் மேசையிலிருந்த சிவப்பு மைப் புட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்: "நாங்க தப்பா எழுதுனா அடிச்சுத் திருத்திக் குடுப்பீங்கல்லங்க, இதையும் திருத்தி அவளுக்கே அனுப்பிருங்க."

விருந்தாளி

யுத்தம் முடிந்து கப்பலில் சாதாரண சனங்களையும் ஏற்றத் தொடங்கியதும், ஆடிப்பிறப்புக்கு வருகிறோம் என்று அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. பெரியண்ணனும் இன்னும் நாலு பேரும் சேந்தமங்கலத்துக்கே இறங்கிப் போய், அக்காவை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். ஒன்பது வயதுப் பவளம் நடந்தே ஏறி வந்தாள். என் சாயல் அவ்வளவாக இல்லை, அவள் அப்பாவின் நெற்றி. "வணக்கம் சின்னம்மா" என்றாள். அக்கா பதறிப் போய், "அம்மா எண்டு சொல்லு பிள்ளை" என்றாள். "வணக்கம் அம்மா" என்று பவளம் உடனே சொன்னாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். என் பின்னால் சொல்லுங்கள் என்றதும் வகுப்பில் ஏழு வருஷமாக நான் கேட்டுவந்த குரல்தான் அது.

அந்த வருஷம் கூழை நான் காய்ச்சவில்லை. பொன்னியும் மற்றவர்களும் சேர்ந்து காய்ச்சி, சுள்ளி பொறுக்குவது முதல் பயறு வறுப்பது வரை என்னைத் தொடவிடாமல் செய்தார்கள். பலா இலையை மடிக்க விருந்தாளிக்குச் சொல்லிக் கொடுக்கலாம் என்று பொன்னி பெருமையோடு போனாள். அதற்குள் பவளம் ஒரு இலையை எடுத்து மடித்து, நுனியை உள்பக்கமாகத் திருப்பிக் குத்திவிட்டாள். பொன்னிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாருங்க, அப்படியே டீச்சரம்மா மடிப்பு!" என்று எல்லோருக்கும் தூக்கிக் காட்டினாள். பவளம் அக்கா உட்கார்ந்திருந்த பக்கம் கையைக் காட்டி, பிழை திருத்துகிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்: "இல்லை, இது எங்கட அம்மாவின்ர மடிப்பு."

மீனுக்குப் பொரி

அக்கா பவளத்தை என்னிடம் விட்டுவிட்டுப் போகத்தான் வந்திருந்தாள். "உன்ர பிள்ளை, உன்னட்டைத் தந்திட்டன்" என்று வந்த அன்றே சொல்லிவிட்டாள். சொன்னவள் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை. ஆடிப் பதினெட்டு வரைக்கும் இருந்துவிட்டுத் தனியாகக் கிளம்புவதாக ஏற்பாடு. பவளம் பொன்னியோடு நன்றாகத்தான் விளையாடினாள். அன்னாசித் தோட்டம் பார்த்தாள், பெரியண்ணன் கொண்டுவந்து வைத்த இரண்டு சீப்புப் பழத்தையும் ஒரே நாளில் முடித்தாள். நான் தலை வாரினால் தலையைக் கொடுத்தாள். வாரி முடித்ததும் ஓடிப்போய் அக்காவிடம் பின்னல் சரியா என்று காட்டிவிட்டு வந்தாள்.

ஆடிப் பதினெட்டுக்கு அறப்பளீஸ்வரர் கோயிலில் நாலு பக்கமிருந்தும் சனம். ஆற்று மீன்களுக்குப் பொரி போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். படியில் நின்று பவளத்துக்குப் பொரி கொடுத்துக்கொண்டிருந்தேன். கூட்டம் நெருக்கியதில் அக்கா நாலு பேருக்குப் பின்னால் தள்ளப்பட்டு மறைந்துவிட்டாள். பவளம் திரும்பிப் பார்த்தாள், காணவில்லை. "அம்மா!" என்று ஒரு அலறல். ஏழு வருஷமாக நான் கேட்க ஆசைப்பட்ட சொல் அது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது நான். அவள் கூப்பிட்டது என்னையில்லை. பொரி முழுவதும் தண்ணீரில் கொட்டிப் போக, மீன்களுக்கு நல்ல நோம்பி.

அன்று சாயங்காலமே அக்காவிடம் சொன்னேன், போகும்போது பவளத்தையும் கூட்டிக்கொண்டு போ என்று. நீயும் வா என்றாள். நான் வந்தால் அந்த வீட்டில் பிள்ளைக்கு இரண்டு அம்மா, யாரைக் கூப்பிடுவது என்று அவள் திண்டாட வேண்டாம், நான் இங்கேயே இருக்கிறேன் என்றேன். அக்காவின் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம், அதை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் அழுதாள்: "நீ என்னட்டை ஒரு வருஷத்துக்குத்தானே தந்தனீ?"

கணக்குத் தீராதது

அவர்கள் போன பிறகு வந்த நோம்பிக்குப் பெரியண்ணன் வழக்கம்போல இரண்டு சீப்போடு வந்து நின்றார். இனிமேல் ஒன்று போதும், அவள் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள், இந்த வீட்டில் நான் ஒருத்திதான் என்றேன். அவர் நான் சொன்னதைக் காதில் வாங்கின மாதிரியே தெரியவில்லை. இரண்டையும் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "வராதவங்களுக்கே இத்தன வருசம் எடுத்து வெச்சமுங்க. வழி தெரிஞ்சு வந்துட்டுப் போன புள்ளைக்கு நிறுத்துவமுங்களா?"

பாதி மார்க்

மார்கழியில் பவளத்திடமிருந்து கடிதம் வந்தது. இந்த முறை வகுப்பில் பிரிக்கும் தைரியம் எனக்கில்லை. இப்போது சின்ன வகுப்புக்கு எனக்குத் துணையாகப் பாடம் நடத்தும் பொன்னியிடம் கொடுத்து, முதல் வரியை மட்டும் பார்த்துச் சொல் என்றேன். அவள் ஜன்னல் பக்கம் போய்ப் பிரித்தாள், எழுத்துக் கூட்டுகிறவள் போல வெகுநேரம் பார்த்தாள். பிறகு கொண்டுவந்து என் முன்னால் விரித்து வைத்தாள். அன்புள்ள கொல்லிமலை அம்மாவுக்கு என்று இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொன்னி சிவப்பு மைப் புட்டியை எடுத்து, மூடியை இறுக்கித் திருகி, அலமாரியின் மேல் தட்டில் வைத்தாள்: "பாதிதானுங்க சரி, இருந்தாலும் பாஸ் போட்டுருங்க டீச்சரம்மா."

ஆகையால், கடல் கடந்து இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கப் போகும் என் இனத்தவர்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: கிளம்பும்போது என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஒரு வருஷம்தான் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.